அலுமினியப் படகு: பளபளப்பும் பாதுகாப்பும்

கொச்சியில் வாழும் நமக்குப் படகு அன்றாட வாகனம். மரப்படகும் இரும்புப் படகும் பழகிய இந்தக் காயலில் இப்போது அலுமினியப் படகுகளும் ஓடுகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவுக்காகக் கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய, 100 பேர் செல்லக்கூடிய படகுகளின் இரட்டை உடல் அலுமினியத்தால் ஆனது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் அதன் முனையம் திறக்கப்பட்டது.

மட்டாஞ்சேரியில் படகுப் பெயின்டும் கயிறும் விற்கும் கடையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், அன்பர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. "அலுமினியம் உப்புத் தண்ணீரில் அரித்துப் போகாதா?" என்பது ஒன்று. "மங்கிய படகை எவர்சில்வர் போல ஆக்க என்ன போடலாம்?" என்பது மற்றொன்று. இரண்டாவது ஆசைக்கு அவசரப்பட்டால் முதல் கேள்வியின் அச்சம் உண்மையாகிவிடும்.

மங்கலே கவசம்

அலுமினியம் இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மின்கலத்தால் ஓடும் படகுக்கு இது பெரிய வசதி. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. இரும்பின் துரு உதிர்ந்துகொண்டே போகும். இந்தப் படலமோ ஒட்டிநின்று உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். படகுக்கென மக்னீசியம் கலந்த 5083 போன்ற கலவைகள் உப்பு நீரை நன்றாகவே தாங்கும்.

கடும் அமிலமும் கடும் காரமும் மட்டும் இந்தப் படலத்துக்கு ஆகா. தண்ணீர் கொதித்துக் கறுத்த அலுமினியப் பாத்திரத்தில் புளி ரசம் வைத்தால் உட்புறம் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல்தோல் கரைந்ததால் வந்த வெளுப்பு அது. படகிலும் அதே கதைதான்.

கழுவும் முறை

தென்மேற்குப் பருவமழையில் ஆறுகள் நன்னீரைக் கொட்டுவதால் காயலில் உப்பு குறையும். ஆகாயத்தாமரை மிதந்து வரும். மழை ஓய்ந்து உப்பு ஏறிய மாதங்களில் கொட்டலசு ஒட்டும். சின்னஞ்சிறு எரிமலை போன்ற சுண்ணாம்பு ஓடு கொண்ட உயிர் அது. அது மிகுந்தால் படகு கனத்து, ஓட்டும் செலவு ஏறும்.

படகைக் கரையேற்றியதும், ஈரம் காயும் முன்பே நன்னீரால் அடித்துக் கழுவுங்கள். கொட்டலசை மர அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். பிறகு மிதமான சோப்பும் நைலான் பிரஷும் போதும். ஒட்டிநிற்கும் சுண்ணாம்பு வட்டத்துக்கு நீர் கலந்த வினிகரைத் தடவி, சற்று நேரத்தில் நன்றாக அலசிவிடுங்கள்.

இரும்பு பிரஷும் இரும்பு நாரும் வேண்டாம். அவற்றின் துகள்கள் பதிந்து, அங்கே அரிப்பு தொடங்கும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும்; அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. அலுமினியத்தை வெளுக்க விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும். அது தோல் வழியே எலும்பு வரை பாதிக்கும், உயிருக்கே ஆபத்து. கழுவுகிற தொழிலாளியின் கையை எண்ணியாவது அதைத் தவிர்க்க வேண்டும்.

மெருகு எங்கே?

மெருகேற்றுவது நீர்மட்டத்துக்கு மேலே, பெயின்ட் இல்லாத பாகத்துக்கு மட்டும். நிழலில் வைத்து, சிறு சிறு பகுதியாக, உலோக மெருகுப் பசையை மென்மையான துணியால் ஒரே திசையில் தேயுங்கள். துணி கறுப்பது இயல்பே. முடிவில் மெழுகு பூசினால் உப்புக் கறை எளிதில் ஒட்டாது. நீருக்குள் இருக்கும் பாகத்தை மெருகேற்றாதீர்கள். அங்கே பெயின்ட் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும்.

செம்பு என்னும் பகை

சிறு சுற்றுலாப் படகு ஒன்றின் உரிமையாளர், மரப்படகுக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புப் பெயின்டைத் தம் அலுமினியப் படகின் அடியில் பூசியிருந்தார். அது செம்பு ஆக்சைடு கலந்தது. ஓராண்டுக்குள் அடித்தகட்டில் குழிகள் விழுந்ததை நானே கண்டேன்.

காரணம் எளிது. உப்பு நீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் ஒரு மின்கலம் உருவாகும். அதில் கரைவது அலுமினியம். படகின் உள்ளே தேங்கிய நீரில் விழுந்த ஒரு செம்புக் கம்பித் துண்டுகூடத் துளை போடும். ஒரு காலத்தில் அலுமினியத்துக்கு வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் பயன்பட்டது. சிப்பி, நத்தை இனங்களைக் கெடுத்ததால் 2008-இல் சர்வதேச உடன்படிக்கை வழியாக அது தடையாயிற்று. இன்று எபாக்சி பிரைமரின் மேல் செம்பில்லாத பெயின்ட் அல்லது சிலிகான் பூச்சு போடலாம்.

படகுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே அடியில் ஓர் உலோகக் கட்டியைப் பொருத்துவார்கள். உப்பு கூடிக் குறையும் நம் காயலுக்குத் துத்தநாகத்தைவிட அலுமினியக் கலவைக் கட்டியே ஏற்றது. அதன்மேல் பெயின்ட் பூசக்கூடாது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

ஒவ்வொரு முறை கழுவியபின்பும் வெல்டிங் ஓரங்களையும் போல்ட்டுகளைச் சுற்றியும் பாருங்கள். வெள்ளைப் பொடி திரண்டிருந்தால் அதைத் துடைத்து, அடியில் குழி உண்டா என்று பாருங்கள். குழி இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே படகை நீரில் இறக்குங்கள். படகு சாம்பல் நிறமாக மங்கியிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்.