செம்புக் குண்டாயினும் வேட்டை வேட்டையே

நெடுந்தூரத்தில் நிற்கும் பெரிய விலங்கைச் சுடுவதற்கு எந்தச் செம்புக் குண்டு உகந்தது என்னும் கேள்வி, வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வழங்கும் அமெரிக்கா முதலிய தேசங்களில் நியாயமான கேள்வியே. ஆனால் அதே கேள்வியைக் கைப்பேசியில் காணொளி பார்த்த மதுரைப் பழங்காநத்தத்து இளைஞர் ஒருவர் எழுப்புவாரானால், குண்டின் குணதோஷங்களை விவரிப்பதற்கு முன்னர், தம் விருப்பப்படி காட்டு விலங்கைச் சுடும் உரிமை இந்தியாவில் எவருக்கும் இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமையாகும். பழங்காநத்தம் இன்று வீடும் கடையும் நெருங்கிய நகர்ப்புறம்தான். எனினும் இங்கே குடியிருப்போரில் பலருக்குத் திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கங்களில் நிலமும் உறவும் இருக்கின்றன. இரவில் காட்டுப்பன்றிகள் மக்காச்சோளக் கொல்லையில் இறங்கி விளைச்சலை நாசமாக்குவதும், மயில்கள் நெற்கதிரைக் கொத்தித் தின்பதும் அங்கே கற்பனையான துன்பங்கள் அல்ல. அந்தத் துன்பத்துக்கு நாட்டுத் துப்பாக்கியே பரிகாரம் என்று எண்ணுகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

மேல்நாட்டு வேட்டைக்காரர்கள் ஈயத்தை விட்டுச் செம்பை நாடியதன் காரணம் நாமும் அறியத்தக்கது. வேகமாகச் செல்லும் ஈயக் குண்டு விலங்கின் சரீரத்தில் மோதியவுடன் சிதறுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அதன் துகள்கள், காயத்திலிருந்து வெகு தூரம் தள்ளியுள்ள தசையிலும் பரவிக் கிடப்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டியிருக்கின்றன. வேட்டைக்காரர் விட்டுச் சென்ற குடலையும் கழிவையும் தின்ற கலிபோர்னியா காண்டார் என்னும் பெரும் பிணந்தின்னிக் கழுகுகள், அந்தத் துகள்களை விழுங்கி நஞ்சேறி மடிந்தன. 1982-ல் உலகம் முழுவதிலும் 22 பறவைகளே எஞ்சியிருந்த இனம் அது. கலிபோர்னியா மாநிலம் 2013-ல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றிலும் விலக்கிவிட்டது. 1989-ல் பார்ன்ஸ் என்ற நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முழுச் செம்புக் குண்டும், அதைப் பின்பற்றி வந்த மற்றவையும், மோதும்போது சிதறாமல் இதழ் விரித்துத் தம் எடையை ஏறக்குறைய முழுமையாகத் தக்கவைத்துக் கொள்வதால், இறைச்சியில் நஞ்சு கலக்கும் அபாயத்தைப் பெரிதும் நீக்கின.

ஆயினும் செம்பு சர்வரோக நிவாரணி அன்று. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் செம்பின் அடர்த்தி சுமார் 8.9 மட்டுமே, ஆகையால் ஒரே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக அமைகிறது, அது நிலைதடுமாறாமல் பறக்க வேண்டுமானால் துப்பாக்கிக் குழலின் உட்புறப் புரிகள் அதற்கேற்ப நெருக்கமாக இருக்க வேண்டும். அதனினும் முக்கியமானது, கெட்டியான அந்த உலோகம் விரிவதற்குக் குறிப்பிட்ட வேகம் தேவை என்பது. தூரம் கூடக்கூட வேகம் குறைந்து, இதழ் விரியாத குண்டு ஊசி போல ஊடுருவிச் செல்ல, அடிபட்ட பிராணி உடனே சாகாமல் ஓடி, எங்கோ ஒரு புதரில் பல நாழிகை துடித்து மடிகிறது. இதனால்தான் பொறுப்புள்ள வேட்டைக்காரர்கள், குண்டு தன் வேகத்தை இழக்கும் எல்லைக்கு அப்பால் சுடுவதில்லை என்று வரம்பு கட்டிக்கொள்கிறார்கள். நெடுந்தூர வேட்டையை வீரச் செயலாகக் காட்டும் காணொளிகள் தப்பியோடிய விலங்கின் வேதனையைக் காட்டுவதில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே திருட்டு வேட்டைக்காரர் கையில் இருப்பது புரி வெட்டிய துப்பாக்கியும் அன்று, செம்புக் குண்டும் அன்று. கருமருந்தைத் திணித்து, ஈயக் குண்டுகளையோ பால்ரஸ் குண்டுகளையோ போட்டு வெடிக்கும் நாட்டுத் துப்பாக்கியே அது. குழல் பிளந்து சுடுபவரின் கையையும் கண்ணையும் கெடுக்கக்கூடிய கருவி; இரவு நேரத்தில் புதர் அசைவதைக் கண்டு பன்றி என்று மனிதரைச் சுட்டுவிடக்கூடிய கருவி. இவ்வாறு கொன்ற இறைச்சியை இரகசியமாக வாங்கி உண்போர், ஈயத்தையும் சேர்த்தே உண்ண நேரிடலாம். அடுப்பில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் ஈயம் அழிவதில்லை. புளி போன்ற அமிலப் பொருள்களோடு வேகும்போது இன்னும் அதிகமாகக் கரைந்து குழம்பில் இறங்குகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் திடமான கருத்து. வளரும் குழந்தையின் மூளையும் கர்ப்பத்திலுள்ள சிசுவும் அதனால் முதலில் பாதிக்கப்படுகின்றன. விருந்துக்காகக் காட்டுப்பன்றிக் கறியைத் தேடிச் செல்லும் தகப்பனார்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் நிலை தெளிவானது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், கொல்வதை மட்டுமன்றிப் பிடிப்பதையும், கண்ணி வைப்பதையும், இரை வைத்து ஈர்ப்பதையும், இவற்றுக்கு முயற்சி செய்வதையும்கூட வேட்டை என்றே கொள்கிறது. 2022-ல் திருத்தப்பெற்ற இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள மயில் முதலிய உயிர்களைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படும். காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உயிருக்கோ நிற்கும் பயிருக்கோ அது அபாயமாகிவிட்டது என்று கண்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்து மூலம் காரணம் காட்டி அனுமதி அளிக்கலாம். பயிர்ச் சேதத்தை மட்டும் காரணமாகக் காட்டி மயிலைக் கொல்ல அத்தகைய அனுமதிக்கும் இடமில்லை. தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்பதையும் அதே சட்டம் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். அப்போதும் சுடும் அதிகாரம் விவசாயிக்கு இல்லை என்பதை மறக்கலாகாது. மின்கம்பியிலிருந்து நேரே கொக்கி போட்டு வேலி கட்டுவதும், விஷம் கலந்த தானியத்தைத் தூவுவதும், இரைக்குள் வெடிமருந்தை ஒளித்த அவுட்டுக்காய் வைப்பதும் வேட்டைக் குற்றமாவதோடு, அவ்வழியே போகும் ஆடு மாடுகளையும் குழந்தைகளையும் கொல்லக்கூடியவை.

துப்பாக்கியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியே மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கோரும் வாய்ப்பை விவசாயிக்கு அளித்திருக்கிறது. மாநகர எல்லைக்குள் காவல் ஆணையரிடமும், வெளியே மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பிக்கலாம். உரிமம் கையில் இருப்பது விலங்கைச் சுடும் அனுமதியாகிவிடாது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. அனுமதியின்றித் தயாரித்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. பாட்டனார் காலத்துத் துப்பாக்கி உரிமம் காலாவதியாகிப் பரணில் கிடக்குமானால், தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைப்பதே சட்டம் காட்டும் வழி. குறைந்த ஆற்றலுள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அதைக் கொண்டு கண்மாய்க் கரையில் கொக்கைச் சுட்டாலும் அது வேட்டையே. குறிபார்த்துச் சுடுவதில் நாட்டமுள்ள இளைஞர்களுக்கு ரைபிள் கழகமும் பயிற்சிக் கூடமும் இருக்கின்றன. அங்கும் ஈய ரவைகளைக் கையாண்ட பின் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் உணவைத் தொடலாகாது.

எவரேனும் இத்தகைய வழக்கில் கைதானால், கைதின் காரணத்தை அறியவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தப்படவும் அவருக்கு அரசியலமைப்பு தந்த உரிமை உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க இயலாதவர் 15100 என்ற எண்ணில் அழைத்தோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடியோ இலவச உதவி கோரலாம்.

பயிரை இழந்த விவசாயிகளே, சேதமான நிலத்தைப் புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் நிவாரணம் கோரி எழுத்து மூலம் மனுக் கொடுத்து, அதற்கு ஒப்புகைச் சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். நிவாரணத் தொகை தாமதமானால், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அந்தச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.