'அப்டேட்' அழுத்தியும் சேமிக்கவில்லையா? அகப்பக்கம் தவிக்கும்போது முதலில் எங்கே பார்ப்பது?

இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. கெடாவில் ஒரு தோட்ட ஆலயத்தின் செயலாளர் பேசினார். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஆலயத்தின் அகப்பக்கத்தைக் கவனித்துக்கொள்பவரும் அவரே.

"தம்பி, மூனு மணி நேரமா உட்காந்து உபயகாரங்க பேரையெல்லாம் ஏத்துனேன். அப்டேட்டை அழுத்துனா சுத்திக்கிட்டே இருக்கு. கடைசியில செவப்புல என்னவோ வருது. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல."

அவர் எதையும் தவறாக அழுத்தவில்லை. ஆனால், அப்படித்தான் நம்மில் பலரும் நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தோட்டத்தில் இன்று குடியிருப்பவர்கள் சில குடும்பங்களே. மற்றவர்கள் பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூர் என்று பிரிந்துவிட்டார்கள். ஆண்டுத் திருவிழா நெருங்கும்போது, "தாத்தா பேரு இருக்கா?" என்று பேரப்பிள்ளைகள் தேடி வருவது அந்த ஒரு பக்கத்துக்குத்தான். அது சேமிக்க மறுத்தால் மூன்று மணி நேர வேலை மட்டும் போகவில்லை. "இனி இந்தக் கணினி வேலையே வேண்டாம்" என்று பெரியவர் ஒதுங்கிவிட்டால், அவரோடு அகப்பக்கமும் நின்றுவிடும்.

ஆலயங்கள், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்கள், சிறு வணிகர்கள் என நம்மவர்களின் அகப்பக்கங்களில் பல 'வேர்ட்பிரஸ்' என்ற மென்பொருளில் இயங்குகின்றன. 2003ஆம் ஆண்டு வெளிவந்த இந்த இலவச மென்பொருளைத்தான் இன்று உலக இணையத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் பயன்படுத்துகின்றன. ஆகவே அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். தாமதம் என்பது எங்கோ ஓர் இடத்தில் நடக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை எதையும் அழிக்கவோ மாற்றவோ வேண்டாம்.

முதலில் எழுத்தைக் காப்பாற்றுங்கள்

சேமிப்பு தோல்வியடைந்தால் பக்கத்தை மூடாதீர்கள், 'ரிஃப்ரெஷ்' செய்யாதீர்கள். எழுதியதை முழுவதும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடிலோ வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பும் செய்தியிலோ ஒட்டிவையுங்கள். மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேர்ட்பிரஸ் 60 வினாடிக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் அதே சர்வருக்குத்தான் போக வேண்டும். நீங்கள் அழுத்தியே போகாதது, தானாக மட்டும் எப்படிப் போகும்? உலாவியும் தன்னிடம் ஒரு நகலை வைத்திருக்கும். ஆனால் அந்தத் தாவலை மூடினால் அந்த நகலும் போய்விடும்.

நகல் கையில் இருந்தால், இன்னொரு தாவலில் அகப்பக்கத்தின் உள்நுழைவைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்டால், உங்கள் நுழைவுக் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். வழக்கமாக அது இரண்டு நாள் நீடிக்கும். 'ரிமெம்பர் மீ' கட்டத்தைத் தொட்டிருந்தால் 14 நாள். மறுபடியும் உள்ளே நுழைந்துவிட்டு, பழைய தாவலுக்குத் திரும்பி ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பல வேளைகளில் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

"வெளியே வேகமாகத்தானே இருக்கிறது?"

செயலாளர் ஐயாவைக் குழப்பியது இதுதான். அவருடைய மகன் கைப்பேசியில் ஆலயப் பக்கத்தைத் திறந்தால் உடனே வருகிறது. இவர் உள்ளே நுழைந்து திருத்தப் போனால் அரை நிமிடம் ஆகிறது.

காலையில் மாமாக் கடைக்குப் போகிறோம். கட்டிவைத்த நாசி லெமாக் பொட்டலம் கேட்டால் கையில் உடனே கிடைக்கும். தோசை கேட்டால் மாவை ஊற்றிச் சுட்டுத்தான் தர வேண்டும். வாசகருக்குப் போவது பொட்டலம். முன்பே தயாரித்து வைத்த பக்கம். இதைத்தான் 'கேஷ்' என்கிறார்கள். உள்ளே நுழைந்து திருத்துபவருக்கோ ஒவ்வொரு பக்கத்தையும் சர்வர் புதிதாகச் சுட வேண்டும்.

ஆகவே, கேஷ் பிளக்இன் ஒன்றைப் போட்டால் வாசகருக்கு வேகம் கூடும். திருத்துபவரின் தாமதம் அநேகமாக அப்படியே இருக்கும். வேகத்துக்காக மூன்று கேஷ் பிளக்இன்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் சிக்கல்தான் கூடும்.

மூன்று சிறு சோதனைகள்

ஒன்று, இணைய இணைப்பு. வீட்டு வைஃபையை விட்டுவிட்டு, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக அதே வேலையைச் செய்து பாருங்கள். அங்கே வேகமாக நடந்தால் அகப்பக்கத்தில் குறையில்லை, வைஃபையைப் பாருங்கள்.

இரண்டு, உலாவி. குரோமில் 'இன்காக்னிட்டோ' சாளரத்தைத் திறந்து அதில் நுழைந்து பாருங்கள். அதில் சரியாக நடந்தால், உலாவியில் சேர்த்திருக்கும் விளம்பரத் தடுப்பான் போன்ற கருவியோ, தேங்கிக் கிடக்கும் பழைய கோப்புகளோதான் காரணம்.

மூன்று, பிளக்இன். 'ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங்' என்றொரு இலவச பிளக்இன் இருக்கிறது. அதை இயக்கினால் மற்ற பிளக்இன்கள் எல்லாம் உங்கள் கண்ணுக்கு மட்டும் நிறுத்தப்படும்; வாசகருக்கு அகப்பக்கம் எப்போதும்போல் தெரியும். பிறகு ஒவ்வொன்றாக இயக்கி வாருங்கள். எதைத் தொட்டதும் தாமதம் திரும்புகிறதோ, குற்றவாளி அதுதான். ஆனால் இதைத் தொடங்குவதற்கு முன் முழு அகப்பக்கத்தையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக இயங்குவதற்கு வழக்கமான காரணங்கள்

படங்கள்: திருவிழாவில் கைப்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் பல மெகாபைட் இருக்கும். ஒரு படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதைப் பல அளவுகளில் வெட்டி வைக்கிறது. 2,560 பிக்சலுக்கு மேல் இருந்தால் முதலில் அந்த அளவுக்குச் சுருக்குகிறது. சிறிய ஹோஸ்டிங் கணக்கில் 40 படங்களை ஒரே மூச்சில் ஏற்றினால் சர்வருக்கு மூச்சு முட்டத்தான் செய்யும். படத்தைச் சுருக்கி, ஐந்தைந்தாக ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் வந்த படம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அறிவிப்புப் பக்கத்துக்கு அதுவே போதும்.

பழைய பிஎச்பி: வேர்ட்பிரஸ் எந்த மொழியில் எழுதப்பட்டதோ அந்த மொழிதான் பிஎச்பி. அதன் 7.4ஆம் பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஒருமுறை கட்டிக்கொடுத்துவிட்டுப் போன அகப்பக்கங்கள் இன்னும் அதிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். புதிய பதிப்பு வேகமானது, பாதுகாப்பானது. ஆனால் பழைய பிளக்இன் ஏதாவது அதனுடன் ஒத்துப்போகாமல் போகலாம். ஆகவே நகல் எடுத்த பிறகே மாற்றுங்கள்.

தேங்கிய குப்பை: நீக்கிய பிளக்இன்கள்கூடத் தங்கள் அமைப்புகளைத் தரவுத்தளத்தில் விட்டுச் செல்வதுண்டு. அவற்றில் ஒரு பகுதியை, ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் வேர்ட்பிரஸ் படித்தாக வேண்டும். 'டூல்ஸ்' பகுதியில் உள்ள 'சைட் ஹெல்த்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். இந்தச் சுமை 800 கிலோபைட்டைத் தாண்டினால் 2024இல் வந்த 6.6ஆம் பதிப்பு முதல் அங்கே எச்சரிக்கை வரும். பிஎச்பி பதிப்பும் அங்கேயே தெரியும்.

தூரம்: சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் கோலாலம்பூரிலிருந்து போய் வர மிகச் சிறு நேரமே ஆகும். அமெரிக்காவில் இருந்தால் ஒரு முறைக்கு ஏறத்தாழ 200 மில்லி வினாடி. ஒரு பக்கத்துக்குள் பலமுறை போய் வந்தால் அது வினாடிகளாகச் சேரும்.

மெதுவாக அல்ல, சேமிக்கவே மறுத்தால்

2018இல் வந்த புதிய எழுதுபலகையில், சேமிப்பு தோற்றால் பெரும்பாலும் 'அப்டேட்டிங் ஃபெயில்டு' என்று சிவப்பில் வரும். கூடவே, வந்த பதில் முறையான 'ஜேசன்' இல்லை என்றும் சொல்லும். பயப்பட வேண்டாம். நீங்கள் அனுப்பியதற்குச் சர்வரிடமிருந்து எதிர்பார்த்த பதில் வரவில்லை என்பதே அதன் பொருள்.

இப்போது ஒரு புதிய பக்கத்தில் 'வணக்கம்' என்று ஒரே சொல்லை எழுதிச் சேமித்துப் பாருங்கள்.

அதுவும் தோற்றால் குறை பொதுவானது. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பெர்மாலிங்க்ஸ்' பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமியுங்கள். அகப்பக்க முகவரி இரண்டு கட்டங்களிலும் 'எச்டிடிபிஎஸ்' என்றே தொடங்குகிறதா என்று பாருங்கள். ஹோஸ்டிங் கணக்கில் இடம் நிரம்பிவிட்டதா என்பதையும் பாருங்கள். தானாக எடுத்த பழைய நகல்கள் அதே கணக்கில் குவிந்து இடத்தை அடைத்துக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான்.

ஒற்றைச் சொல் சேமிக்கப்பட்டு, நீண்ட பக்கம் மட்டும் தோற்றால் குறை அந்தப் பக்கத்தில் இருக்கிறது. செயலாளர் ஐயாவுக்கு நேர்ந்தது இதுதான். உபயகாரர் பட்டியலைப் பாதியாக வெட்டினோம், சேமித்தது. மறுபாதியைத் தனியாக ஏற்றினோம், அதுவும் சேமித்தது. இரண்டையும் சேர்த்தால் மறுத்தது. ஆக, எந்தப் பெயரிலும் குறையில்லை, அளவுதான் கூடிவிட்டது.

பல சர்வர்களில் 'மோட்செக்யூரிட்டி' என்றொரு காவல் மென்பொருள் இருக்கிறது. கோப்பு இல்லாமல் வெறும் எழுத்தாக வருவதற்கு அதன் பரிந்துரை அமைப்பு வைத்திருக்கும் எல்லை 131,072 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு தமிழிலோ ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனிக் கணக்கு. 'அம்மன்' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு குறி, 18 பைட். பழைய 'கிளாசிக்' எழுதுபலகையில் அனுப்பும்போது ஒரு குறி ஒன்பது பைட்டாக விரியும். அதாவது, ஆங்கிலத்தில் எழுதுபவர் காணவே காணாத எல்லையைத் தமிழில் எழுதுபவர் சீக்கிரம் தொட்டுவிடுகிறார்.

ஐயா பல ஆண்டுகளாக ஒரே பக்கத்தின் அடியில் புதுப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே வந்திருந்தார். சென்ற ஆண்டு எல்லைக்குள் இருந்த பக்கம், இந்த ஆண்டு எல்லையைத் தாண்டிவிட்டது. பட்டியலை ஆண்டுவாரியாகத் தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்தோம். பத்து நிமிட வேலை.

வேறு சிலருக்கு அளவு சரியாக இருந்தும், எழுத்துக்குள் இருக்கும் நிரல் போன்ற ஒரு துண்டைத் தாக்குதல் என்று இதே காவலன் தவறாக எண்ணித் தடுப்பதுண்டு. பாதி பாதியாக வெட்டிப் பார்க்கும் அதே முறையில் அந்தத் துண்டையும் பிடித்துவிடலாம்.

ஹோஸ்டிங் நிறுவனத்திடம் எப்படிச் சொல்வது?

"சைட் ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் எழுதினால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். நாள், மணி, நிமிடத்தைக் குறிப்பிடுங்கள். எந்தப் பக்கம், எதை அழுத்தியபோது, திரையில் என்ன வந்தது என்று படத்தோடு அனுப்புங்கள். வேறு இணைப்பிலும் வேறு உலாவியிலும் சோதித்துவிட்டதைச் சொல்லுங்கள். சிறிய பக்கம் சேமிக்கிறது, பெரிய பக்கம் சேமிக்கவில்லை என்றால் அதையும் எழுதி, அந்த நேரத்துக்குரிய பிழைப் பதிவையும் மோட்செக்யூரிட்டி பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். காவல் மென்பொருளை முழுவதும் நிறுத்தச் சொல்லாதீர்கள். குறிப்பிட்ட எல்லையை உயர்த்தவோ, தவறாகப் பிடிக்கும் விதியைத் தளர்த்தவோ கேட்டால் போதும்.

இதற்கெல்லாம் ஒன்று தேவை: கடவுச்சொல். ஆலயங்களிலும் சங்கங்களிலும் ஹோஸ்டிங் கணக்கு முன்னாள் செயலவை உறுப்பினர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் கிடப்பது நமக்குப் புதிதல்ல. அவர் இடம் மாறினால் சாவியும் போய்விடும். கணக்கைச் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றி, குறைந்தது இருவரிடம் சாவி இருக்கும்படி அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அன்றிரவு பன்னிரண்டரைக்குப் பட்டியல் ஏறியது. செயலாளர் ஐயா ஒருமுறை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தார்.

"அப்போ என் தப்பு இல்லையா, தம்பி?"

"இல்லைங்கய்யா. பேருங்க கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

"அது நல்லதுதானே," என்றார்.