அமிழ்த்த அவகாசமில்லாத யுத்தம்

எஸ்தோனியா தேசத்தில் குர்த்னா மடாஸ்யார்வ் என்னும் சிற்றேரியின் அடியிலிருந்து, 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று, கொமாட்சு புல்டோசர் ஒன்று காலை முதல் பிற்பகல் வரை முக்கி இழுத்துக் கரையேற்றிய சோவியத் டி-34 டாங்கியைக் கண்டவர்கள், அதன் கவசத்தின்மேல் தீட்டப்பட்டிருந்த ஜெர்மானியச் சிலுவைக் குறி ஐம்பத்தாறு வருஷங்களுக்குப் பின்னும் அழியாதிருந்ததைக் கண்டு அதிசயித்தார்கள். ருஷ்யரிடமிருந்து பறித்த அந்த வண்டியைத் தம் சின்னம் எழுதி ஓட்டிய ஜெர்மானியர், 1944-இல் நார்வாப் போர்முனையிலிருந்து பின்வாங்குகையில், எதிரி கைக்குத் திரும்பாதிருக்க அதை ஏரிக்குள் செலுத்திவிட்டதாகக் கருதப்படுகிறது. செடிகொடிகள் மக்கிய சேறு பிராணவாயுவை அண்டவிடாமல் இரும்பைக் காத்தது. உள்ளே 116 குண்டுகள் இருந்தன. சக்கரத் தடம் கரையோடு முடிந்ததையும் நீர்மேல் குமிழிகள் எழுந்ததையும் ஒரு சிறுவன் அக்காலத்திலேயே கவனித்து மனத்தில் வைத்திருந்தானே, அதுதான் எனக்கு டாங்கியைவிடப் பெரிய ஆச்சரியம்! ருஷ்யாவில் டான் நதியும் 2016-இல் இப்படியே ஒரு டி-34-ஐத் திருப்பிக் கொடுத்தது.

நம் மலாயாவில், கெடா மாநிலத்துப் பெண்டாங் வட்டாரத்து ஆறுகளிலும் சேற்றுக்குக் குறைவில்லை. ஜப்பானியர் படையெடுத்து வந்த யுத்தமும் மேற்கே சற்றுத் தூரத்தில், பெருஞ்சாலை வழியாகத்தான் போயிற்று. ஆயினும் அத்தகைய பொக்கிஷத்தை இங்கே எதிர்பார்ப்பதற்கில்லை என்பது என் அபிப்பிராயம். காரணம், பிரிட்டிஷ் படை பின்வாங்கிய விதம்.

1941 டிசம்பர் 11 அன்று, விடாமழையில், ஜப்பானியத் தளபதி சயெகியின் படைப்பிரிவு டாங்கிகளை முன்னே விட்டு வடகெடாவின் ஜித்ராவை நோக்கிப் பாய்ந்தபோது, அங்கே காவல் நின்ற பிரிட்டிஷாரின் பதினோராவது இந்திய டிவிஷனுக்குத் துணையாக மலாயா முழுவதிலும் ஒரு பிரிட்டிஷ் டாங்கிகூட இல்லை. அந்த இந்தியச் சிப்பாய்களில் பலர் டாங்கி என்ற யந்திரத்தைக் கண்ணால் கண்டதே அன்றுதான். வழியிலிருந்த அசூன் பாலத்தைத் தகர்க்க வைத்த வெடித்திரி மழையில் நனைந்து ஏமாற்றியது. மறுநாள் இரவு பின்வாங்கும் உத்தரவு பிறந்தபோது, அது சில படைகளுக்குப் போய்ச் சேரவேயில்லை. டிசம்பர் 13-இல் அலோர் ஸ்டாரின் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டது. 14, 15-இல் ஜெராய் மலையடியில் குருணும் வீழ்ந்தது.

ஒரு வண்டியை நீரில் இறக்கி மறைப்பதற்கும் சற்று நிதானமும், அதைச் செய் என்று சொல்ல ஓர் அதிகாரியும் வேண்டுமல்லவா? ஜித்ராவில் இரண்டுமில்லை. ஜப்பானிய யுத்த சூத்திரதாரிகளுள் ஒருவரான கர்னல் சுஜி, பிற்காலத்தில் எழுதிய விருத்தாந்தத்தில், அங்கே சுமார் 50 பீரங்கிகளும் 300 லாரிகளும் கவச வண்டிகளும் மூன்று மாத உணவும் தம்மவர் வசமானதாகக் கணக்குச் சொல்கிறார். வெற்றி பெற்றவர் கணக்கு என்று சற்றே கழித்துக்கொண்டாலும், வண்டிகள் ஆற்றுக்குள் போகாமல் சாலையிலேயே நின்றன என்பது தெளிவு. அலோர் ஸ்டார் விமானத் தளத்திலும் பெட்ரோலும் வெடிகுண்டுகளும் அப்படியே கிடந்தன. அவற்றைக் கொண்டு தெற்கே முன்னேறிய ஜப்பானியச் சிப்பாய்கள், அந்தச் சரக்குகளையெல்லாம் சர்ச்சில் அனுப்பிய சாமான் என்று பரிகாசமாகச் சொல்லிக்கொண்டார்கள்.