ஸ்டெதாஸ்கோப் வைக்காமலே பி.பி. எப்படித் தெரிகிறது?

எருமப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடும்போது ரப்பர் குழாயைக் காலால் அழுத்தி மிதித்தால் தண்ணீர் நிற்கும். காலை மெல்லத் தளர்த்துங்கள். முட்டி மோதிப் பாயும் தண்ணீர் உள்ளங்காலில் அதிரும்.

பி.பி. கருவியின் துணிப்பட்டையும் அந்தக் கால்தான். காற்று நிரம்பியதும் கையின் ரத்தக்குழாய் அடைபடுகிறது. காற்று இறங்க இறங்க, ஒவ்வொரு துடிப்பும் பட்டைக்குள் இருக்கும் காற்றை லேசாக அசைக்கிறது. அசைவு வளர்ந்து, உச்சம் தொட்டு, தேய்கிறது. உச்சம் தொடும் இடமே சராசரி அழுத்தம். மேல் எண்ணும் கீழ் எண்ணும் இந்த அசைவுகளிலிருந்து கணக்கிடப்படுபவை. நடுவில் பேசினாலோ கையை ஆட்டினாலோ கணக்குத் தப்பும்.

பி.பி. போலவே சர்க்கரையையும் ஒரு சிறு கருவியே அளக்கும்; அதற்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். சோதனைப் பட்டையில் தடவிய நொதி சர்க்கரையோடு வினைபுரிய, அதில் பிறக்கும் சிறு மின்னோட்டத்தைக் கருவி அளக்கிறது.

உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய இரண்டு நோயும் சிறுநீரகத்தைத் தாக்குவதால், இரண்டின் அளவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரண்டுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. முதியோருக்கு இது பேருதவி.

பி.பி. அளக்கும் முன் பெரியவர்களை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். பி.பி., சர்க்கரை அளவுகளை ஒரே நோட்டில் தேதியோடு எழுதி, மருத்துவரிடம் காட்டுங்கள்.