ஐஸ் ஹாக்கியில் தேசிய கீதம் பாடுவதே வேலை! அந்த 2 நிமிடத்தில் என்ன கஷ்டம்?

அமெரிக்கா, கனடாவில் ஐஸ் ஹாக்கி மேட்ச் தொடங்கும் முன் ஒருவர் மைக்கோடு வருவார். தேசிய கீதம் பாடுவார், போய்விடுவார். இவ்வளவுதானா வேலை? கொஞ்சம் பார்ப்போம்.

எத்தனை கீதம்?

என்.ஹெச்.எல். லீக்கில் மொத்தம் 32 அணிகள். இதில் 7 அணிகள் கனடாவைச் சேர்ந்தவை. இரு நாட்டு அணிகள் மோதினால் இரண்டு கீதங்களும் பாட வேண்டும். அதனால் பக்கத்து நாட்டு கீதமும் பாடகருக்கு மனப்பாடமாக இருக்கணும்.

பாடுவது ஏன் கஷ்டம்?

அமெரிக்க கீதம் ஏறக்குறைய ஒன்றரை ஸ்தாயி ஏறி இறங்கும். ஆரம்பத்திலேயே சுருதியைக் கூட்டிவிட்டால் உச்சத்தில் குரல் எட்டாது. போதாக்குறைக்கு, ஸ்பீக்கரில் போன சொந்தக் குரலே அரங்கைச் சுற்றி தாமதமாகக் காதுக்கு வரும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் தப்பிவிடும். சிகாகோவில் இன்னும் மோசம். கீதம் முடியும் வரை ரசிகர்கள் கத்திக்கொண்டே இருப்பது அங்கே வழக்கம்!

இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

பலருக்கும் இது பகுதிநேர வேலைதான். கனடாவின் எட்மன்டன் அணிக்கு 1981 முதல் 2011 வரை பாடிய பால் லோரியோ, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்.

பாடாமலே பேர் வாங்கியவர்

2013 ஏப்ரல் 15, பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்து 3 பேர் பலி. இரண்டே நாளில் அங்கே ஹாக்கி மேட்ச். பாட வந்தவர் பல வருஷமாக அந்த அணிக்குப் பாடிவந்த ரெனே ரேங்கூர். முதல் சில வரிகளோடு நிறுத்தி, மைக்கை இறக்கிவிட்டார். மீதியை மொத்த அரங்கமும் பாடி முடித்தது.

கூட்டம் எதிராகத் திரும்பினால்?

2014 நவம்பரில் கனடாவின் டொரன்டோவில் அமெரிக்க கீதத்தின் நடுவே மைக் பழுதானது. உடனே கனடா ரசிகர்களே அதைப் பாடி முடித்தார்கள். ஆனால் 2025 பிப்ரவரியில், டிரம்ப்பின் வரி அறிவிப்பு வந்த நாளில், ஒட்டாவாவில் அதே கீதத்துக்குக் கூச்சல் எழுந்தது. அந்தக் கோபம் பாடகர் மேல் இல்லை. ஆனாலும் கூச்சலுக்கு நடுவே தனியாக நின்று, கடைசி வரி வரை பாட வேண்டியது அவர்தான்.