காய்ச்சி அடித்த கோல்ஃப் மட்டை

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில், புல்தரையிலிருந்து பந்தைக் குழியை நோக்கி அடிக்க உதவும் உலோகத் தலை கொண்ட மட்டைகள் 'அயர்ன்' எனப்படும். இவை தயாரிக்கப்படும் முறையைப் பொறுத்து ஃபோர்ஜ்டு, வார்ப்பு என இருவகைப்படும். 1829-இல் கல்கத்தாவில் கோல்ஃப் கழகம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை நந்தனம், உதகமண்டலம், கொடைக்கானல் ஆகிய இடங்களில் கோல்ஃப் திடல்கள் உள்ளன.

தயாரிப்பு
கரிமம் குறைந்த எஃகைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து இயந்திரச் சம்மட்டியால் அடித்து ஃபோர்ஜ்டு மட்டையின் தலை உருவாக்கப்படுகிறது. பின்னர் அதைத் தேய்த்துக் குரோமிய முலாம் பூசுவர். உருக்கிய எஃகை அச்சில் ஊற்றிச் செய்வது வார்ப்பு மட்டை.

தேர்வு
ஃபோர்ஜ்டு எஃகு மென்மையானது. எனவே ஆடுபவரின் உயரத்திற்கும் நிற்கும் முறைக்கும் ஏற்பத் தலையின் கோணத்தை ஓரிரு பாகை எளிதாக வளைத்துக்கொள்ளலாம். கோணம் பொருந்தாவிட்டால், நன்றாக அடித்த பந்தும் பக்கவாட்டில் விலகும்.

விலை கூடிய ஃபோர்ஜ்டு மட்டை வாங்கினாலே ஆட்டம் மேம்படும் என்பது தவறான எண்ணம். பிழையைத் தாங்குவது பெரும்பாலும் தலையின் வடிவமே. பின்புறம் குழிந்த மட்டையில் எடை ஓரங்களில் பரவியிருப்பதால், பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அதிகம் திரும்பாது. தொடக்கநிலையினருக்கு இதுவே ஏற்றது. அது வார்ப்பாகவும் இருக்கலாம்.

ஆடும் முறை
பந்தை மேலே தூக்கிவிட முயலக்கூடாது. முதலில் பந்தையும் பிறகு தரையையும் தொடுமாறு வீசினால், மட்டையின் சாய்வே பந்தை உயர்த்தும்.

பராமரிப்பு
சென்னையின் கடற்காற்றில், முலாம் தேய்ந்த இடம் விரைவில் துருப்பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் துடைத்து உலர்த்த வேண்டும்.