ஓர் இணைப்பு, ஏழு கைத்தொலைபேசிகள்

குளம் ஒன்றானாலும் வாய்க்கால் சரியாக இருந்தால் பல வயல்கள் விளையும். இணையத் தொடர்பும் அப்படித்தான். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் தங்க நேரும்போது ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் தனித்தனியாகக் காசு கட்டுவது பெருஞ்சுமை. புளூரூத் வசதியுள்ள பழைய மடிக்கணனி ஒன்றும் ஓர் இணைய இணைப்பும் இருந்தால், அந்த இணைப்பைப் பலர் பங்கிடலாம்.

புளூரூத் என்பது என்ன?

சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனம் 1994இல் தொடங்கிய ஆய்வின் பயன் இது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் மன்னனின் பட்டப்பெயரே இதற்கு இடப்பட்டது. சாதனங்களை ஒன்றிணைப்பதே இதன் வேலை. ஒரு கணனியைச் சூழ ஒரே நேரத்தில் ஏழு சாதனங்கள் வரை இயங்கலாம். சாதாரண கைத்தொலைபேசிக்கு எட்டும் தூரம் சுமார் 10 மீற்றர். சுவர் குறுக்கிட்டால் அது குறையும்.

வைஃபை இதைவிட வேகமானது, தூரமும் எட்டும். ஆனால் கணனியின் வைஃபை வெளியிலிருந்து இணைப்பைப் பெறுவதிலேயே ஈடுபட்டிருந்தால், உள்ளே பங்கிடப் புளூரூத் கைகொடுக்கும். மின்சாரமும் குறைவாகவே செலவாகும்.

செய்யும் முறை

கணனியில் லினக்ஸ் இருக்க வேண்டும். 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணனியின் புளூரூத் உள்ள பிந்திய வகைகளும் போதும். கட்டளைகளை ஆங்கில எழுத்தில், நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' என்ற சொல்லை முன்னே இட்டுத் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறோம்.

1. 'புளூஸ்', 'புளூஸ் ரூல்ஸ்', 'டிஎன்எஸ்மாஸ்க்' ஆகிய மூன்று மென்பொருள்களையும் நிறுவுங்கள். இதற்கு ஒருமுறை இணையம் தேவை.

2. 'ஐபி லிங்க்' கட்டளையால் ஒரு பாலம் அமைத்து, 'பான்0' எனப் பெயரிடுங்கள். அதற்கு 192.168.50.1 என்ற முகவரியைக் கொடுத்து இயக்குங்கள். வெளி இணைப்பு இதே வரிசையில் முகவரி தருமானால் வேறு எண்ணைத் தெரியுங்கள்.

3. வரும் தொலைபேசிகளுக்கு 192.168.50.10 முதல் 192.168.50.20 வரை முகவரி வழங்குமாறு டிஎன்எஸ்மாஸ்க்கின் அமைப்புக் கோப்பில் எழுதுங்கள்.

4. மதகைத் திறப்பது அடுத்த வேலை. 'ஐபி ஃபோர்வேர்ட்' என்ற அமைப்பை 1 ஆக்குங்கள். பின் 'ஐபிரேபிள்ஸ்' கட்டளையில் 'மாஸ்கறேட்' விதியைச் சேருங்கள். இந்தப் படியை விட்டால் தொலைபேசி கணனியோடு இணையும். இணையம் மட்டும் வராது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

5. 'பிரி நெற்வேர்க்' கட்டளையில் 'நாப்' என்ற சேவையையும் பாலத்தின் பெயரையும் கொடுத்து இயக்குங்கள். 'நாப்' என்பது வலையமைப்பின் நுழைவாயில்.

6. 'புளூரூத்சிரிஎல்' கட்டளைக்குள் சென்று 'பவர் ஒன்', 'டிஸ்கவரபிள் ஒன்', 'பெயரபிள் ஒன்' எனத் தட்டுங்கள். தொலைபேசியிலிருந்து கணனியைத் தேடி இணையுங்கள். இரு திரைகளிலும் ஒரே ஆறு இலக்க எண் தோன்றினால் மட்டும் சம்மதியுங்கள். பின் 'ட்ரஸ்ட்' கட்டளையால் அத்தொலைபேசியை நம்பகமானதாகப் பதியுங்கள். அன்ட்ரொயிட் தொலைபேசியில் இணைந்த கணனியின் அமைப்புக்குள் 'இணைய அணுகல்' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

எல்லோரும் இணைந்ததும் 'டிஸ்கவரபிள் ஓஃப்', 'பெயரபிள் ஓஃப்' என்று கதவைச் சாத்திவிடுங்கள். திறந்த கதவால் அயலார் நுழைந்தால், அவர்கள் செய்வதற்கும் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரே பதில் சொல்ல நேரலாம். யார் யாருடைய தொலைபேசி பதியப்பட்டது என்பதைக் கொப்பியில் குறித்து வையுங்கள். ஒருவர் இடம் மாறிப் போனால் 'றிமூவ்' கட்டளையால் அப்பதிவை நீக்குங்கள்.

வேகத்தைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். செக்கனுக்குச் சுமார் 2 மெகாபிற்றே நடைமுறையில் கிடைக்கும். அதையும் எல்லோரும் பங்கிட வேண்டும். தூர இருக்கும் உறவினருக்குச் செய்தி அனுப்பவும், சந்தை விலை பார்க்கவும், பிள்ளையின் விண்ணப்பப் படிவத்தைப் பெறவும் இது போதும். படம் பார்க்க ஒருவர் தொடங்கினால் மற்றவர்களின் வாய்க்கால் வற்றிவிடும். எனவே முறை வைத்துப் பாவிப்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

கணனியை நிறுத்தினால் பாலமும் விதிகளும் அழிந்துவிடும். கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதிச் சேமித்தால், அடுத்தமுறை அந்தக் கோப்பை இயக்கினாலே போதும். இதை இரண்டு மூன்று இளைஞர்களாவது பழகியிருப்பது நல்லது. தெரிந்த ஒருவர் இல்லாத நாளிலும் வேலை நடக்க வேண்டுமல்லவா?